கரைவது வேறு, எரிவது வேறு: மருத்துவப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் மருத்துவச் செய்திகளைத் தேர்ந்தெடுத்து, தமிழாக்கி, தலைப்பிட்டு வெளியிடும் பொறுப்பில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். வளர்சிதை மாற்றத்தை ஆராயும் கூடம் ஒன்றில் 11 ஆண்டுகள் சுண்டெலிகளோடு வேலை பார்த்தவன் என்பதைத் தவிர, உங்களிடம் இதைப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் பெரியம்மா தம் மாத்திரை டப்பாவைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அவருக்கு 67 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். துண்டின் தலைப்பு கொழுப்பைக் கரைக்கும் ஹார்மோன் வந்துவிட்டது என்றும், சர்க்கரை நோய்க்கு விடிவு பிறந்துவிட்டது என்றும் சொன்னது. 'எலி' என்ற சொல் ஐந்தாவது பத்தியில் ஒரே ஒரு முறை வந்தது. "இந்த ஊசி எப்பப்பா வரும்?" என்று கேட்டவர், பேச்சோடு பேச்சாக, இரண்டு வேளை போட வேண்டிய மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டதையும் சொன்னார். எப்படியும் புது மருந்து வரப் போகிறதே, வயிற்றைப் புரட்டும் இந்த மாத்திரை எதற்கு என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தத் தலைப்பைப் படிக்கும் எவரும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். எந்த இதழ் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஓர் இதழின் குறையாக அதை நான் பார்க்கவும் இல்லை.

செய்தியில் சொல்லப்பட்ட ஹார்மோனின் பெயர் எஃப்ஜிஎஃப்-21. பெரும்பாலும் கல்லீரலில் சுரக்கும் இந்தப் புரதத்தை 2000-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். கொழுப்பணுக்களுக்குள் குளுக்கோஸைக் கூடுதலாக இழுக்கக்கூடிய புரதங்களைத் தேடிக்கொண்டிருந்த எலை லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர் அலெக்ஸி கரிட்டோனென்கோவும் அவருடைய குழுவினரும், இதை நோயுற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இறங்கியதை 2005-இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2008-இல், அதே நிறுவனத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வுதான் 'கொழுப்பு எரிப்பு' என்ற பேச்சுக்கு அடித்தளம். கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பருக்க வைத்த சுண்டெலிகளுக்கும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்காத பிறவிக் குறைபாடு கொண்ட சுண்டெலிகளுக்கும் இரண்டு வாரம் எஃப்ஜிஎஃப்-21 கொடுத்தார்கள். அவற்றின் எடை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு கொழுப்பு. உண்ட கலோரி குறையவில்லை, ஓட்டமும் நடமாட்டமும் கூடவில்லை. ஆனால் உடல் செலவழித்த ஆற்றலும், அதில் கொழுப்பின் பங்கும் கூடியிருந்தன. கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைந்திருந்தது.

இது அருமையான ஆய்வு. இதைச் செய்தியாக்குவதில் தவறே இல்லை. ஆனால் இதைத் 'கரைக்கும் ஹார்மோன்' என்று தமிழில் எழுதும் கணத்தில் பொருள் தலைகீழாகிவிடுகிறது என்பதே என் முதல் முறையீடு.

கொழுப்பு கரைவது ஒரு வேலை, எரிவது இன்னொரு வேலை. கொழுப்பணுவுக்குள் டிரைகிளிசரைடாக அடைந்து கிடக்கும் கொழுப்பு உடைந்து, கொழுப்பமிலங்களாக இரத்தத்துக்குள் இறங்குவதைக் கரைதல் என்று சொல்லலாம். அந்தக் கொழுப்பமிலம் தசைக்கோ கல்லீரலுக்கோ உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்புக்கோ போய், அங்குள்ள செல்களின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவும் நீரும் வெப்பமுமாக முடிவதுதான் எரிதல். நலமான உடலில், சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின் முதல் வேலையைக் கட்டுப்படுத்துகிறது: உணவு வந்துவிட்டது, கிடங்கைத் திறக்காதே என்கிறது. இன்சுலின் எதிர்ப்பு வந்த உடலில் அந்த ஆணை சரியாக எட்டுவதில்லை. கிடங்கு எப்போதும் அரைவாசி திறந்தே கிடக்கிறது. கொழுப்பமிலம் கசிந்துகொண்டே இருக்கிறது. எரிக்கும் அளவுக்கு மேல் வந்து சேர்வது கல்லீரலிலும் தசையிலும் படிந்து, அங்கே இன்சுலினின் ஆணையை இன்னும் மங்கச் செய்கிறது. ஆக, இன்சுலின் எதிர்ப்பு கொண்ட சுண்டெலிக்குக் கொழுப்பு கரையாதது நோயில்லை. கரைந்தது எரியாமல் போவதுதான் நோயின் ஒரு பாதி. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008-இல் மனிதக் கொழுப்பணுக்களை எடுத்துச் சோதித்தபோது எஃப்ஜிஎஃப்-21 கொழுப்பு கரைவதைக் குறைத்ததைக் கண்டார்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்வதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்றும் எழுதினார்கள். கரைப்பதைக் குறைக்கும் ஹார்மோனுக்குத்தான் நாம் கொழுப்பைக் கரைக்கும் ஹார்மோன் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

'கரைக்கும்' என்ற சொல் நம் நாவில் எளிதாக வருகிறது என்பதை அறிவேன். கொள்ளும் இஞ்சியும் கொழுப்பைக் கரைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கமே இங்கே நம்மை வழுக்கி விடுகிறது.

இனி, எரிகிறது என்பதை எப்படி அறிகிறோம் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்தியில் விட்டுப்போகும் மிக முக்கியமான பகுதி இதுதான். சுண்டெலியைக் காற்றுப் புகாத ஒரு சிறு கூண்டில் தனியாக விடுகிறோம். உள்ளே போகும் காற்றில் எவ்வளவு ஆக்சிஜன், வெளியே வரும் காற்றில் எவ்வளவு கரியமில வாயு என்று கருவி சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளந்துகொண்டே இருக்கும். வெளிவிட்ட கரியமில வாயுவை உட்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைச் சுவாச ஈவு என்கிறோம். உடல் மாவுச்சத்தை மட்டும் எரித்தால் அது 1.0, கொழுப்பை மட்டும் எரித்தால் 0.7. ஹார்மோன் கொடுத்த சுண்டெலியின் கோடு 0.7-ஐ நோக்கி இறங்கினால், 'கொழுப்பு எரிப்பு கூடியது' என்று ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி பிறக்கிறது.

அந்தக் கோடு எப்படி ஏமாற்றும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, சோதனை மருந்து கொடுத்த ஒரு சுண்டெலியின் சுவாச ஈவு ஓர் இரவில் 0.8-இலிருந்து சீராக இறங்கி 0.7-ஐத் தொட்டது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு படபடத்தது. விடிந்ததும் கூண்டைத் திறந்தேன். கொழுப்பில் குழைத்த அந்தத் தீனி கெட்டியான தானியக் கட்டி போல இருக்காது. விரல் பட்டாலே உதிரும், மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க நீல நிறம் ஏற்றியிருப்பார்கள். அந்த நீலக் கட்டி குழைந்து, தீனிக் கூடையின் கம்பிகளுக்கு நடுவே இறுகிப் போயிருந்தது. சுண்டெலி பஞ்சுக் கூட்டுக்குள் சுருண்டு கிடந்தது. மருந்தால் அதன் கோடு இறங்கவில்லை. இரவு முழுவதும் அதற்குச் சாப்பாடே கிடைக்கவில்லை. பட்டினி கிடக்கும் எந்த உடலும் தன் கொழுப்பைத்தான் எரிக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. உதிர்ந்த தீனி அடியில் கிடக்கும் மரத்தூளோடு கலந்துவிட்டால், சுண்டெலி தின்னாததையும் தின்றதாகக் கணக்கில் எழுதிவிடுவோம்; அப்போது, நிறையத் தின்றும் இளைத்தது என்ற பொய்யான அதிசயம் பிறக்கும். அதனால்தான் பொறுப்பான குழுக்கள், மருந்து பெற்ற சுண்டெலி எவ்வளவு தின்றதோ அதே அளவை மட்டும் மருந்து பெறாத சுண்டெலிக்கும் கொடுத்து ஒப்பிடுகின்றன. ஓர் ஆய்வைச் செய்தியாக்கும்போது இந்த ஒப்பீடு இருந்ததா என்று பார்ப்பதற்குக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தாலே பெரும்பாலும் போதும்.

2008 ஆய்வில் கலோரி குறையவில்லை என்று மேலே சொன்னேன். அதே ஆய்வில், சுண்டெலிகளின் கழிவோடு வெளியேறிய கொழுப்பும் கூடியிருந்தது. அதாவது, போன கொழுப்பெல்லாம் எரிந்து போனதென்று சொல்ல இயலாது. ஒரு பகுதி எரியாமலே வெளியே போனது. இத்தகைய ஒரு வரி உங்கள் செய்தியில் இடம்பெற்றால் வாசகரின் மதிப்பு உங்கள் மீது கூடுமே தவிரக் குறையாது.

அடுத்தது குளிர். ஆய்வுக்கூட விலங்கறைகளைப் பெரும்பாலும் 22 டிகிரி வெப்பத்தில் வைத்திருப்பார்கள். மேற்சட்டை அணிந்து வேலை செய்யும் மனிதருக்கு அது இதம். சுண்டெலி இதமாக உணர்வதோ ஏறக்குறைய 30 டிகிரியில். 30 கிராம் எடையுள்ள அந்தச் சிறு உடலில், எடையோடு ஒப்பிட்டால், தோலின் பரப்பு மிக அதிகம். வெப்பம் ஓடிப்போய்க்கொண்டே இருக்கும். எனவே 22 டிகிரியில் வாழும் சுண்டெலி தன் ஆற்றலில் கணிசமான பங்கை வெறுமனே சூடாக இருப்பதற்காக, பழுப்புக் கொழுப்பின் உதவியோடு எரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அடுப்பு ஏற்கெனவே எரிகிறது; ஒரு ஹார்மோன் அதைச் சற்றுத் தூண்டிவிட்டாலும் கோட்டில் பளிச்சென்று தெரியும். வளர்ந்த மனிதருக்குப் பழுப்புக் கொழுப்பு மிகக் கொஞ்சம். சட்டை போட்டு, கூரைக்குக் கீழே வாழும் நாம் அந்த அடுப்பை அநேகமாக மூட்டுவதே இல்லை. உணவை எடுத்துக்கொண்டால், சுண்டெலி ஒரு நாளில் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு உலர்தீனி தின்னும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே விகிதத்தில் உண்பதென்றால் நாளொன்றுக்கு 7 கிலோவுக்கு மேல் வேண்டும். இப்படிப்பட்ட உடலில் இரண்டு வாரத்தில் 20 சதவீதம் குறைந்தது என்பதை, 60 கிலோ மனிதருக்கு 12 கிலோ என்று வாசகர் மனத்துக்குள் மாற்றிக்கொள்வார். மாற்றக் கூடாது என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

மனிதரிடம் நடந்தது என்ன என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. 2007-இல் சர்க்கரை நோய் கொண்ட ரீசஸ் குரங்குகளுக்கு எஃப்ஜிஎஃப்-21 கொடுத்தபோது சர்க்கரை குறைந்தது, நம்பிக்கை வளர்ந்தது. 2013-இல், அதே ஹார்மோனைச் சற்று மாற்றி வடிவமைத்த மருந்தை, உடல் பருமனும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு 28 நாட்கள் தினமும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். டிரைகிளிசரைடும் கெட்ட கொலஸ்ட்ராலும் தெளிவாக இறங்கின, நல்ல கொலஸ்ட்ரால் ஏறியது. இரத்தச் சர்க்கரையிலோ, புள்ளியியல் ஏற்கும் அளவுக்குக் குறைவு தென்படவில்லை. சுண்டெலியிடம் சர்க்கரைதான் முதலில் கண்ணில் பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்சுலின் எதிர்ப்பு கொண்ட சுண்டெலிகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டதும் சில மணி நேரத்துக்குள், அதாவது எடை குறைய வாய்ப்பே இல்லாத நேரத்துக்குள், சர்க்கரை இறங்கியதை 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. அத்தனை வலுவான விளைவுதான் மனிதரை அடைந்தபோது மங்கியது.

இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனக்கு மிகவும் பொருளுள்ளதாகத் தோன்றுவது பட்டினி பற்றிய வேறுபாடு. சுண்டெலியை ஒரு நாள் பட்டினி போட்டாலே அதன் கல்லீரல் எஃப்ஜிஎஃப்-21-ஐ வெகுவாகச் சுரக்கிறது. மனிதரிடம் ஒரு வாரத்துக்கும் மேல் நீளும் பட்டினியில்தான் அது தெளிவாகக் கூடுகிறது. ஏகாதசி விரதம் இந்த ஹார்மோனைத் தூண்டும் என்று யாராவது உங்களுக்கு எழுதி அனுப்பினால் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். மேலும், பருமனானவர்களின் இரத்தத்தில் எஃப்ஜிஎஃப்-21 ஏற்கெனவே அதிகமாகத்தான் இருக்கிறது. குறைவாக இருப்பதை ஊசி நிரப்புகிறது என்ற எளிய கதை இங்கே பொருந்தாது.

இதே வழியில் நாம் முன்பும் ஒரு முறை போயிருக்கிறோம். 1994-இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு, லெப்டின் ஊசி போட்ட பருத்த சுண்டெலி மெலிந்து நிற்கும் படம் உலகமெங்கும் வெளியானது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்து உரிமையை வாங்கியது. அந்தச் சுண்டெலிக்குப் பிறவியிலேயே லெப்டின் இல்லை. பருமனான மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் தேவைக்கு மேலேயே இருக்கிறது. 1999-இல் வெளியான மனிதச் சோதனையில் எடைக் குறைவு எதிர்பார்த்ததைவிட மிகக் கொஞ்சமாகவே இருந்தது. ஆனாலும் அந்த ஆய்வு வீண் போகவில்லை. உடலில் கொழுப்புத் திசுவே உருவாகாத அரிய நோயாளிகளுக்கு 2014-இல் அமெரிக்காவில் லெப்டின் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது; அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. எந்தச் சுண்டெலி என்ற கேள்விக்குள்தான் எந்த நோயாளி என்ற விடையும் இருந்தது.

எஃப்ஜிஎஃப்-21-க்கும் அப்படியொரு இடம் உருவாகி வருகிறது. சர்க்கரைக்கென்று தொடங்கிய பயணம் கல்லீரலுக்குத் திரும்பியிருக்கிறது. இதன் மாற்றுவடிவமான பெகோசாஃபெர்மினை, கொழுப்பு படிந்து அழற்சியும் தழும்பும் கண்ட கல்லீரல் கொண்ட நோயாளிகளுக்கு 24 வாரம் கொடுத்தபோது, தழும்பு குறைந்தவர்களின் விகிதம் மருந்தில்லா ஊசி பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தது என்று 2023-இல் வெளியானது. சுண்டெலியின் கல்லீரலில் கண்ட நற்பலன் மனிதரிடமும் தொடர்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆகவே, சுண்டெலி ஆய்வுகளை வெளியிடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. சுண்டெலிகளிலேயே இந்த ஹார்மோன் எலும்பின் அடர்த்தியைக் குறைத்ததாக 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அதையும் சேர்த்து வெளியிடுங்கள் என்றே கேட்கிறேன்.

இன்றைய சூழலில் குழப்பத்துக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2025 மார்ச்சில் டிர்செபடைட் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, எடை குறைக்கும் ஊசி என்ற சொல் வீடுவீடாக நுழைந்துவிட்டது. அந்த ஊசிகள் முதன்மையாகப் பசியைக் குறைத்து வேலை செய்கின்றன. மக்கள் குறைவாக உண்கிறார்கள், அதனால் இளைக்கிறார்கள். உண்பதைக் குறைக்காமல் எரிப்பைக் கூட்டுவது என்பது முற்றிலும் வேறு வழி. இரண்டையும் 'கொழுப்பைக் கரைக்கும் ஊசி' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், மருந்துக் கடையில் கிடைப்பது எது, ஆய்வுக்கூடத்தில் இருப்பது எது என்று என் பெரியம்மாவைப் போன்றவர்கள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சுண்டெலியில் நடந்தது என்றால் 'சுண்டெலி' என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். வெறும் 'எலி' என்று எழுதினால் அது சுண்டெலியைவிடப் பெரிய எலி இனத்தையும் குறிக்கும், ஆய்வுலகில் இரண்டும் வெவ்வேறு விலங்குகள், தமிழில் சுண்டெலிக்குத் தனிச் சொல் இருக்கிறது. அது தீனியால் பருத்ததா, மரபணுக் குறையால் பருத்ததா என்று ஒரு வரி. எவ்வளவு தின்றது, எந்த வெப்பத்தில் வாழ்ந்தது என்று ஒரு வரி. மனிதரிடம் சோதித்திருந்தால் அதன் முடிவு; சோதிக்கவில்லை என்றால் அந்தத் தகவல். கடைசியாக, இப்போது உட்கொள்ளும் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம் என்பது செய்தியின் வாலில் ஒட்டிய சிறு எழுத்தாக இல்லாமல், செய்தியின் உடலுக்குள்ளேயே வரட்டும்.

இடம் போதாது என்பீர்கள். அன்று இரவு பெரியம்மாவின் துண்டுச் செய்திக்குப் பின்புறம் நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே கீழே தருகிறேன். எண்ணிப் பார்த்தால் அச்சிட்ட செய்தியைவிடச் சிறியது.

"சுண்டெலிகளில் கொழுப்பு எரிப்பைக் கூட்டிய கல்லீரல் ஹார்மோன். கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாத சுண்டெலிகளுக்கு எஃப்ஜிஎஃப்-21 என்ற ஹார்மோனை இரண்டு வாரம் கொடுத்தபோது, அவை தின்பது குறையாமலே உடல் கொழுப்பு குறைந்தது. உடல் எரித்த கொழுப்பின் அளவும் கழிவில் போன கொழுப்பின் அளவும் கூடின. சுண்டெலியின் உடல் மனித உடலைவிடப் பல மடங்கு வேகமாக எரிபொருளைச் செலவழிப்பதால் இந்த அளவுகள் மனிதருக்குப் பொருந்தா. சர்க்கரை நோயாளிகளிடம் 28 நாள் நடந்த சோதனையில் இரத்தக் கொழுப்பு சீரானது, சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனவே சர்க்கரைக்கான மாத்திரையை இரண்டு வேளையும் போட வேண்டும்."

கடைசி வரி பெரியம்மாவுக்காக எழுதியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இதையே முதல்ல போட்டிருக்கலாமே" என்றார். பிறகு அன்றைய இரவு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

இப்படிக்கு,
சுண்டெலிகளோடு வேலை பார்த்த உங்கள் வாசகன்